ஏழாம் நம்பரின் அம்மா

“ஏழாம் நம்பர் என் பொண்ணுங்க!”

கூசாமல் சொல்லிவிட்டாள் லாண்டரி அக்கா. காவலாளியும் நம்பி உள்ளே விட்டுவிட்டான்.

பன்னாட்டு இளையோர் தெருக் கூடைப்பந்துப் போட்டி. நாற்சந்தியை அடைத்து, ஒரே ஒரு வளையத்தை நட்டு, அணிக்கு மூன்று பெண்களாக மோதவிட்டிருந்தார்கள். கோச்சுக்குக்கூடக் களத்தின் பக்கம் இடம் கிடையாது. நிழல் என்று இருந்தது ஒரு பந்தல்தான். அதில் நம் அணியின் வீட்டாருக்கென்று ஒரு பெஞ்சு, பிள்ளைக்கு ஒருவர் கணக்கில்.

அக்காவுக்குப் பிள்ளையும் கிடையாது, குட்டியும் கிடையாது. அவள் வீட்டுக் கதவைத் தட்டுகிற ஒரே ஆள் மீட்டர் பார்க்க வருகிறவர். அணி தங்கியிருந்த விடுதியில் துணி துவைப்பது அவள் வேலை. ஏழாம் நம்பர் மட்டும் அழுக்கு ஜெர்சியோடு வந்து, வாஷிங் மெஷின் மேல் ஏறி உட்கார்ந்து வாயடிப்பாள். அந்த வாயடிப்பை அக்கா மனசுக்குள் உறவாக்கிக்கொண்டாள். இன்றோடு போட்டி முடிகிறது. நாளைக்கு அந்தப் பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடும். மாட்டிக்கொண்டால் விடுதி வேலைக்கே வேட்டு என்று தெரியும். தெரிந்தும், இந்த ஓர் ஆட்டம் முடிகிறவரை யாருக்காவது அம்மாவாக இருந்து பார்க்க ஆசை.

“உங்க பொண்ணா?”

பக்கத்தில் இருந்தவள் கேட்டாள். இஸ்திரி கண்டு இரண்டு நாளாவது ஆகியிருக்கும் உடுப்பு, தூக்கமில்லாத கண்.

“பின்னே? மூக்கைப் பாருங்க, என்னை உரிச்சு வெச்சிருக்கா.”

அவள் அக்காவின் மூக்கையே கொஞ்ச நேரம் பார்த்தாள். “நல்லா சாப்பிடுவாளா?”

“எங்கே! ஆட்டத்துக்கு முந்தி ஒரு வாய் இறங்காது. ஜெயிச்சுட்டான்னு வைங்க, தட்டையும் சேர்த்துத் தின்னுடுவா.” இது நிஜம். அடுத்ததும் நிஜம்தான். “ஜெயிச்ச அன்னிக்குப் போட்ட சாக்ஸைத் துவைக்கவே விடமாட்டா. ராசியாம்! நாத்தம் நாலு தெரு தாண்டும்.”

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். சிலருக்குச் சிரித்தால் கண்ணீர் வரும் என்று அக்கா விட்டுவிட்டாள்.

“முதல் பல்லு விழுந்தப்போ அழுதாளா?”

இது என்ன கேள்வி? ஆனால் கேள்விக்குப் பயந்தால் பொய் நிற்குமா? “அழறதாவது! விழுந்த பல்லைக் கையில வெச்சுக்கிட்டுத் தெருவெல்லாம் காட்டிட்டு வந்தா. நான்தான் அழுதேன்.”

“குடுத்து வெச்சவங்க நீங்க.”

“அது சரி, உங்க பிள்ளை எது?”

அவள் வாயைத் திறந்தாள். பிறகு, “ஆட்டத்தைப் பாருங்க” என்று களத்தைக் காட்டினாள். சரியான அழுத்தக்காரி என்று அக்கா முடிவு கட்டினாள்.

களத்தில் மஞ்சள் சட்டைக்காரிகள் ஒவ்வொருத்தியும் விளக்குக் கம்பம் உயரம். அவர்கள் கைக்கு அடியில் புகுந்து ஏழாம் நம்பர் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினாள். நடுவில் ஒருமுறை பந்தலைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அக்கா இரண்டு கையையும் ஆட்டினாள். பக்கத்தில் இருந்தவளும் கையைப் பாதி தூக்கினாள், கீழே போட்டாள்.

“பார்த்தீங்களா? நான் இல்லாட்டி அவளுக்கு எதுவும் ஓடாது.”

“உங்களை எப்படிக் கூப்பிடுவா?”

“அம்மான்னுதான். வேற எப்படிக் கூப்பிடுவா? ஒரு நாளைக்கு நூறு தடவை அம்மா, அம்மா!”

அப்போதுதான் காவலாளி வந்து பெஞ்சை எண்ணினான். “மாற்று ஆளையும் சேர்த்து அணியில இருக்கறது நாலு பிள்ளைங்க. இங்க அஞ்சு பேர் இருக்கீங்க. யாரோ ஒருத்தர் சும்மா புகுந்திருக்கீங்க.”

அக்கா பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டாள். பெஞ்சின் அந்தக் கோடியில் இருந்த மூன்று பேரும் தங்கள் பிள்ளைகளின் நம்பரை டாண் டாண் என்று சொன்னார்கள்.

“நீங்க?”

“ஏ... ஏழு. அப்பவே சொன்னேனே!” குரல் கிறீச்சிட்டது.

காவலாளி அடுத்தவளைப் பார்த்தான். அவள் அக்காவைப் பார்த்தாள், களத்தைப் பார்த்தாள், பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“நான் யாருக்கும் ஒண்ணுமில்லைங்க. வெயிலுக்கு ஒதுங்கினேன்.” அக்காவின் தோளை மெல்லத் தொட்டாள். “பிள்ளையை நல்லா பாத்துக்குங்க.”

கூட்டத்துக்குள் போய் மறைந்துவிட்டாள்.

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கொஞ்சம் திமிரும் வந்தது. “என்ன துணிச்சல் பாருங்களேன்! யாருமே இல்லாம வந்து குடும்பத்தோட குடும்பமா உட்கார்ந்துட்டா!” என்று அந்தக் கோடிக்காரர்களிடம் அங்கலாய்த்தாள்.

கடைசி நொடிகள். நம் பெண்கள் ஒரு புள்ளி பின்னால். வளைவுக்கோட்டுக்கு வெளியே இருந்து போட்டால் இரண்டு புள்ளி. ஏழாம் நம்பர் அங்கே இருந்துதான் எறிந்தாள். பந்து வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விழுந்தது. தெருவே எழுந்து கத்தியது. அக்கா தொண்டை கிழியக் கத்தினாள்.

ஏழாம் நம்பர் கோப்பையைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் நேராகப் பந்தலுக்கு ஓடி வந்தாள். அக்கா ஒளிய இடம் தேடினாள், கிடைக்கவில்லை.

“ஐ, லாண்டரி அக்கா! நீங்களும் வந்தீங்களா?” மூச்சு வாங்க, கண்ணால் பெஞ்சைத் துழாவினாள் அந்தப் பெண். “சின்ன வயசுல என்னை ஹாஸ்டல்ல விட்டுட்டு வெளிநாட்டு வேலைக்குப் போன எங்கம்மா இன்னிக்குத்தான் வந்திருக்காங்க. ஆட்டம் முழுக்க உங்ககூடத்தானே பேசிட்டிருந்தாங்க, எங்கேக்கா போனாங்க?”