மூலையில் ஒரு வளைந்த அம்பு

மதிய வெயில் சன்னல் கம்பிகளின் நிழலை மேசைமேல் சாய்த்துப் போட்டிருக்கிறது. கல்லூரி நூலகத்தின் பழைய கணினியை, கணினிகளைப் பராமரிக்கும் அழகுபாண்டி இப்போதுதான் அழித்து முடித்திருக்கிறான். அது ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. அழிக்கச் சொன்னவர் நூலகர் பக்ருன்னிசாதான். அதிலிருந்த பழைய நாடக நோட்டீஸ் படங்களுக்கெல்லாம் அவரிடம் நகல் இருக்கிறது. கரையான் தின்ற அசல் தாள்களைப் படமெடுத்த கையோடு எரித்தாயிற்று. பச்சை வெல்வெட் துணியைப் பிரித்து, நகலை வைத்திருக்கும் ஹார்டு டிஸ்க்கை எடுக்கிறார். புதுக் கணினியில் சொருகியதும் ஊர்ப்பெயர் போட்ட ஃபோல்டர்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு குட்டி வளைந்த அம்பு. ஆனையூரைத் தட்டுகிறார், திறக்கவில்லை. திருமங்கலமும் திறக்கவில்லை. அழகுபாண்டி எட்டிப் பார்க்கிறான். மின்விசிறி கடகடவென்று சுற்றுகிறது.

"இதெல்லாம் வெறும் ஷார்ட்கட்டு மேடம், பழைய கம்ப்யூட்டர்ல படம் இருந்த எடத்தக் காட்டுற அம்பு மட்டுந்தான். படம் ஒண்ணுகூட இதுல ஏறல."

"வருசா வருசம் நாந்தான தம்பி காப்பி பண்ணுனேன். ஒரு நிமிசத்துல முடிஞ்சிரும்."

"அம்புட்டுப் படமும் ஒரு நிமிசத்துல ஏறாது மேடம்."

"அழிச்சதத் திருப்பி எடுத்துரலாம்ல?"

"ரெண்டு தடவ அழிச்சிட்டேன், இனி எடுக்க முடியாது. நீங்கதான் சுத்தமா அழிக்கச் சொன்னீங்க."

பக்ருன்னிசா முக்காட்டைச் சரிசெய்துகொள்கிறார். டிஸ்க்கைக் கழற்றி, முந்தானை நுனியால் அதன் தூசியைத் துடைக்கிறார். வழக்கம்போல வெல்வெட்டில் சுற்றி, இரும்பு பீரோவின் உள்ளறையில் வைத்துப் பூட்டுகிறார். பூட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று கைப்பிடியை இழுத்துப் பார்க்கிறார். பிறகு இன்னொரு முறையும் இழுத்துப் பார்க்கிறார்.