ரெனிதா வாங்கிய திட்டு

யாரையும் அதட்டிப் பேசாத டாக்டர் கோவிந்தராஜ், அன்றைக்கு ரெனிதாவை வார்டே கேட்கும்படி வாங்கு வாங்கென்று வாங்கினார்.

விஷயம் இதுதான். அங்கே இருந்த பிள்ளைகள் எல்லாம் நிணநீர்ப் புற்றுக்கான புது மருந்து ஆராய்ச்சியில் சேர்ந்தவர்கள். வெளி மருந்து எதையும் அவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். ரெனிதாவோ மகன் யூஜினுக்கு ஏதோ மூலிகைப் பொடியைப் பாலில் கலந்து கொடுத்தாளாம். அதைத் தானே எழுந்து நின்று சொல்லவும் செய்தாள்.

"உனக்கு அறிவிருக்காம்மா?" என்றார் டாக்டர்.

"இன்னா வேணா திட்டிக்கோங்க சார். மறைக்கிறது தப்பு, சொல்லிட்டேன்."

ஆவடி சேக்காட்டிலிருந்து வருகிறவள், படிப்பு வாசனை இல்லாதவள் என்று மற்ற அம்மாக்கள் முணுமுணுத்தார்கள். பக்கத்துக் கட்டில் ஸ்வாதியும் தலையாட்டி வைத்தாள். ஐ.டி. வேலை, அம்பத்தூரில் ஃப்ளாட், அவளுக்கென்ன! ஆனால் கைப்பையை மட்டும் மெல்லக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

ஏனென்றால் அதற்குள்ளும் ஒரு பொடி டப்பா இருந்தது. தென்காசியிலிருந்து சொந்தக்காரர் அனுப்பியது. மகள் நிஷாவுக்கு உடம்பு தேறட்டும் என்று யாருக்கும் தெரியாமல் கொடுத்துவந்தாள். சொன்னால் மகள் பெயரை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று பயம். நோய் திரும்பி வந்த பிள்ளை, இந்த மருந்தை விட்டால் வேறு வழியில்லை. இப்போது பார்த்து நிஷாவின் கண்ணில் மஞ்சள் பூத்திருந்தது.

டாக்டர் எல்லாரையும் பார்த்துத் திரும்பினார்.

"ஒரு பிள்ளைக்கு ஈரல் கெட்டுக்கிட்டு வருது. நம்ம மருந்துதான் காரணம்னா எல்லாப் பிள்ளைங்களுக்கும் நிறுத்தணும். வேற யாராவது இப்படிப் பொடி கொடுத்திருந்தா இப்பவே சொல்லுங்க. சொன்னதுக்காக யார் பேரையும் எடுக்க மாட்டேன். ரெனிதா பையன் பேரையும்தான்."

ஸ்வாதி நிஷாவின் மஞ்சள் கண்ணைப் பார்த்தாள். எல்லார் முன்னாலும் ரெனிதாவே நின்றுவிட்டாள், நாமும் சொன்னால் என்ன? வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு எழுந்தாள்.

"நானும் கொடுத்தேன் டாக்டர்."

அவளை டாக்டர் ஒரு வார்த்தை திட்டவில்லை. டப்பாவை மட்டும் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

பொடியை நிறுத்தியதும் நிஷாவின் கண் மெல்ல வெளுத்தது. மற்ற பிள்ளைகளுக்கும் மருந்து தடையில்லாமல் தொடர்ந்தது.

பிறகொரு நாள் ஸ்வாதி, ரெனிதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அன்னிக்கு நீங்க ஒத்துக்கலைன்னா நான் வாயே திறந்திருக்க மாட்டேன். ஆமா, யூஜினுக்குன்னு அந்தப் பொடியை உங்களுக்கு யார் கொடுத்தாங்க?"

யூஜினுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்த ரெனிதா சிரித்தாள்.

"நான் எங்க பொடியைக் கண்டேன்? உன் பையில கீற டப்பாவைத்தான் பார்த்தேன். உன்னைப் போட்டுக் கொடுத்தா, நீ இல்லவே இல்லைன்னு சாதிச்சிருப்ப. அதான் உன் பேரைச் சொல்லாம டாக்டர்கிட்ட போய், எல்லார் எதிர்லயும் என்னைத் திட்டுங்க சார்னு கேட்டுக்கினேன். பாவம், அந்த மனுஷனுக்குத் திட்டவே வரல. 'அறிவிருக்கா'ன்னு கேளுங்க சார்னு நான்தான் எடுத்துக் கொடுத்தேன்."