துணைக்கு இருக்கட்டும்

மூன்றாவது திருப்பத்திலும் அந்த ஆள் பின்னால் வந்துகொண்டிருந்தான். கையில் முழ நீளத்துக்கு ஒரு ஸ்பேனர்.

கடைகளின் ஜன்னல் கண்ணாடியில்தான் அவனைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது. முதுகுக்குப் பின்னால் நடப்பதைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்வது சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்ட பழக்கம்.

எண்ணெய்க் கறை படிந்த சட்டை, பெரிய மீசை. கையை ஆட்டி ஆட்டி என்னவோ கத்தினான். உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவாள் என்றாலும், மீசைக்காரர்களிடம் மட்டும் அவள் பாச்சா பலிக்காது.

பஸ்ஸை விட்டு இறங்கும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. தூறல் போட்டதால் படியில் நின்றபடியே தோள்பையிலிருந்து குடையை உருவினாள். அது உள்ளே எதிலோ சிக்கியது. பின்னால் இறங்குகிறவர்கள் நெருக்கியதால் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். பத்தடி நடப்பதற்குள், ஒர்க்‌ஷாப் வாசலில் காருக்கு அடியில் படுத்திருந்த இந்த ஆள் வெளியே உருண்டு வந்து அவளையே முறைத்துப் பார்த்தான். அப்போது பிடித்த பயம்.

அவள் தனியாக வீடு எடுத்துத் தங்கி இன்றோடு இருபத்தொன்பது நாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை கிடைத்ததும், அம்மாவோடு மல்லுக்கட்டி வாங்கிய அனுமதி அது.

"ஒரு மாசம் பாப்போம். நடுவுல ஏதாவது ஒண்ணுன்னா மறுபேச்சு பேசாம வீட்டுக்கு வந்துடணும்" என்று அம்மா கறாராகச் சொல்லியிருந்தாள்.

கிளம்புகிற அன்றைக்குக் கட்டைவிரல் அளவில் ஒரு அலாரத்தைப் பைக்குள் போட்டதும் அம்மாதான். அதன் ஊக்கைப் பிடுங்கினால் தெருவே கூடுகிற மாதிரி கத்துமாம். "துணைக்கு இருக்கட்டும்" என்றாள். அது வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்த்தாயா என்று தினமும் மெசேஜில் நச்சரிப்பு வேறு. காது கேட்காதவள் எதை வைத்துச் சோதிப்பாள் என்று அம்மாவுக்கு இன்னும் உறைக்கவில்லை.

அதைப் பிடுங்கிவிடலாமா என்று இப்போது தோன்றியது. தெருவே கூடினால் என்ன ஆகும் என்றும் கூடவே தோன்றியது. யாராவது அம்மாவுக்குப் போன் போடுவார்கள். நாளைக்கே பெட்டி படுக்கையோடு வீடு போய்ச் சேர வேண்டியதுதான். என்ன ஆனாலும் அதைத் தொடுவதில்லை என்று முடிவு செய்து நடையை எட்டிப் போட்டாள்.

மருந்துக் கடைக் கண்ணாடியில் மறுபடி பார்த்தாள். இப்போது மூன்று பேர். ஸ்பேனர்காரனுக்குப் பக்கத்தில் ஒரு தபால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பருமனான ஒரு அம்மாள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

மாடி ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. எல்லாக் கண்ணும் அவள் மேல்தான். நடைபாதையில் படுத்திருந்த நாய்கூட வாலை இடுக்கிக்கொண்டு அவளுக்கு வழிவிட்டது.

நான் என்ன செய்தேன்? திருடி என்று நினைத்துவிட்டார்களா? நின்று கேட்டுவிடலாம்தான். ஆனால் அடிக்க வருகிறவர்கள், நோட்டை எடுத்து எழுதிக் காட்டும்வரை பொறுமையாக இருப்பார்களா? குடையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

இரண்டு மாடி ஏறியதே தெரியவில்லை. வீட்டுக்குள் பாய்ந்து தாழ்ப்பாள் போட்டு, பையை மேஜையில் எறிந்து, மேஜையையே கதவோடு சேர்த்துத் தள்ளினாள்.

அவள் வீட்டு அழைப்பு மணிக்குச் சத்தம் கிடையாது. பொத்தானை அழுத்தினால் சுவரில் சிவப்பு விளக்கு எரியும். அது விட்டுவிட்டு எரிந்தது. பிறகு அணையாமல் எரிந்தது. கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். வெளியே பல கைகள் ஒன்றாகத் தட்டுவது மரத்தில் அதிர்ந்தது.

சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். போனை எடுத்து எழுதினாள்.

"அம்மா, என்னால முடியல. வந்து கூட்டிட்டுப் போயிடு."

அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. இருபத்தொன்பது நாள் தானே சமைத்து, தானே பஸ் ஏறி, தானே பூட்டித் திறந்து வாழ்ந்ததெல்லாம் இந்த ஒரு வரியோடு போய்விடும். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது கதவுக்கு அடியில் ஒரு காகிதம் நுழைந்தது. தபால்காரரின் கிறுக்கல் கையெழுத்தில் இரண்டே வரி.

படித்தாள். நம்பாமல் மறுபடி படித்தாள். எழுந்து மேஜை மேலிருந்த பையைத் திறந்து பார்த்தாள். பிறகு மேஜையை நகர்த்திக் கதவைத் திறந்தாள்.

ஸ்பேனர்காரர் அவளுடைய குடையை மடக்கி நீட்டினார். அதன் கம்பியில் ஒரு சின்ன ஊக்கு மாட்டித் தொங்கியது. மூச்சு வாங்க நின்ற அந்த அம்மாள் அவள் கன்னத்தைத் தொட்டு, தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். அந்த உதட்டைப் படிப்பதில் சிரமமே இல்லை.

"அடி எதுவும் படலையே கண்ணு?"

இல்லை என்று தலையாட்டினாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. போனில் எழுதி வைத்திருந்ததை அழித்துவிட்டு, வேறு ஒரு வரி எழுதி அனுப்பினாள்.

"அம்மா, நீ குடுத்த அலாரம் நல்லாவே கத்துதாம்."