ஆவாரைக்குத் தண்ணீர்

ஆவாரஞ்செடியின் தூரில் ஓஸ் பைப்பைப் போட்டுவிட்டு, தங்கமுத்து அதன் இலைகளைத் தடவிக்கொண்டு நின்றார். பிள்ளையின் தலையைத் தடவுவது போல இருந்தது. காய்கறிப் பையோடு வந்த அருணா கேட்டிலேயே நின்றுவிட்டாள்.

“மறுபடியுமா மாமா? மோட்டாரை அமத்துங்க!”

“ஓடட்டும் தாயி. வெயிலு கொளுத்துதுல்ல.”

“இது வெயில்ல வளர்ற செடி மாமா. பொட்டல்ல, சரளை மண்ணுல, யாரும் ஊத்தாமலே பூத்துக் கெடக்கும். தண்ணி தேங்குனா வேரு அழுகிரும்னு எத்தனை தடவை சொல்றது? அடி எலையெல்லாம் பழுத்துக் கொட்டுது பாருங்க.”

அவர் குனிந்து பாத்தியின் கரையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.

அது அருணாவின் கணவன் நிலவழகன் போட்ட செடி. கல்யாணமான புதிதில் இருவரும் சித்தன்னவாசல் போய்த் திரும்புகையில், ரோட்டோரத்தில் காய்ந்த காய்களைப் பறித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். “எங்கம்மா சுகருக்கு நல்லது” என்றான். செடி முதல் மொட்டு வைக்கும் முன்பே, பைக்கில் போனவனை லாரி அடித்துவிட்டது.

உள்ளேயிருந்து மீனம்மாளின் குரல் வந்தது. “அருணா, மொட்டு இருக்கா பாரு. ஒரு கைப்பிடி போதும், பொரியல் வச்சுக்கிறேன். எம்மவன் குடுக்குற மருந்து.”

“இருக்கு அத்தை.”

நாலைந்துதான் இருந்தன. பறித்துக்கொண்டு உள்ளே போனாள். கட்டிலில் அத்தையின் ஆறாத கால் புண்ணின் கட்டைச் சுற்றி ஈக்கள் பறந்தன.

ஃபிரிட்ஜில் மொட்டுக் கிண்ணம் வைக்க இடமில்லை. ஆஸ்பத்திரியில் சுகருக்குக் கொடுத்த ஊசி மருந்து, அட்டை பிரிக்காமல் அடுக்கியிருந்தது. அதை ஓரமாகத் தள்ளி, கிண்ணத்தை வைத்தாள்.

வெளியே வந்தபோதும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பாத்தி நிறைந்து கரை தாண்டியது. அவளுக்கு அழுகை முட்டியது.

“அவுக வச்சுட்டுப் போனதுல உசுரோட இருக்கிறது இது ஒண்ணுதான் மாமா. இதுவும் பட்டுப்போயிரும். ஒங்களுக்கு ஏன் புரிய மாட்டேங்குது?”

தங்கமுத்து தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்னொரு கை இலைகளை விட்டு அகலவில்லை.

“புரியுது தாயி. இது பட்டாத்தான் ஒங்கத்தை ஊசி போட்டுக்குவா.”