அசுந்தாவைப் பார்க்க

"பதினோரு மணிக்கு எலும்பை எடுக்கறாங்க. நீங்க என்னடான்னா இடிஞ்சு கிடக்கற ஊரைப் பாக்கணும்ங்கறீங்க!" அனியெல்லோ டாக்ஸியை ஓரங்கட்டினான்.

நேப்பிள்ஸ் துறைமுக வாசலில் ஏறிய எத்தோரே, பின்சீட்டில் கறுப்பு டையைத் தளர்த்திக்கொண்டார். கப்பல் மாலை ஐந்துக்குக் கிளம்பிவிடும். அதற்குள் அசுந்தாவை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், பதினோரு மணிக்குக் கல்லறையில் அவள் எலும்பை எடுக்கிறார்கள், இதற்காகவே கப்பல் மாறி ஏறி வந்திருக்கிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தார்.

அதற்கு மேல் அனியெல்லோவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இந்த ஊரில் புதைப்பதோடு காரியம் முடிவதில்லை. இரண்டு வருஷம் கழித்துத் தோண்டி, எலும்புகளைத் துடைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி, சுவர் மாடத்தில் வைத்துப் பூசுவார்கள். சொந்தக்காரர் யாராவது கூட நிற்க வேண்டும். ஆள் வராத எலும்பு பொதுக்குழிக்குப் போகும்.

"பயமா இருக்கா, கேப்டன்?"

"நான் கேப்டன் இல்ல. இன்ஜின் ரூம்."

"எங்க அம்மாவை எடுத்த அன்னிக்கு நானும் ஓடிப்போய்க் காப்பிக் கடையில ஒளிஞ்சுக்கிட்டேன். எங்க அக்கா காதைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனா. உங்களுக்கு அக்கா இல்லபோல. நான்தான் இழுக்கணும்."

எத்தோரே சிரிக்கவில்லை. "எர்கொலானோவுக்கு விடுப்பா" என்றார்.

குப்பை மூட்டைகள் குவிந்த தெருக்களைத் தாண்டி வண்டி வெசுவியஸ் எரிமலையின் அடிவாரத்தில் அந்த இடிந்த ஊருக்கு வந்தது. இந்த ஆளைத் தனியே விட்டால் திரும்பி வரமாட்டார் என்று தோன்றியதால் அனியெல்லோவும் கூடவே இறங்கினான்.

பழைய கடற்கரை இருந்த பள்ளத்தில், படகுக் கொட்டகைகளுக்குள் எலும்புகள் கிடந்தன. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் எரிமலை வெடித்த அன்று ஓடி வந்து, படகு வரும் வரும் என்று காத்திருந்தவர்கள். எத்தோரே கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். மணி பதினொன்று ஆனது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நகரவில்லை.

"அங்க ஒண்ணாக் கிடக்கற அந்த ரெண்டு எலும்புக்கூடும் புருஷன் பொண்டாட்டியா?"

"ஒட்டிக்கிட்டுக் கிடந்தா அப்படித்தான் சொல்லுவாங்க. யாரு கண்டா? பக்கத்து வீட்டுக்காரனாக்கூட இருக்கலாம்." அனியெல்லோ அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். "கிளம்புங்க. அங்க உங்க வீட்டம்மா தனியாக் கிடப்பாங்க."

"தனியா இருக்க மாட்டா."

"நாள் சரியாத் தெரியுமா? கல்லறை ஆபீஸ்லேர்ந்து எழுதினாங்களா?"

"கப்பலுக்கு ஒரு கடிதம் வந்துச்சு. நாளும் நேரமும் இருந்துச்சு. கையெழுத்து இல்ல."

"ஆபீஸ்காரனைக் கையெழுத்துக் கேட்டா உசுரைக் கேட்ட மாதிரி. சரி, அடக்கத்துக்காவது போனீங்களா?"

"கல்லறை வாசல் வரைக்கும் போனேன். உள்ள போகல."

அனியெல்லோ தலையில் அடித்துக்கொண்டான். இவ்வளவு பெரிய உடம்புக்குள் இவ்வளவு சின்ன நெஞ்சா!

பன்னிரண்டரைக்குத்தான் எத்தோரே கம்பியை விட்டார். "இப்பப் போகலாம். இந்நேரம் எல்லாம் முடிஞ்சிருக்கும்."

"முடிஞ்சப்புறம் எதைப் பாப்பீங்க? சுண்ணாம்பையா?"

"எந்த மாடம்னு தெரிஞ்சாப் போதும்."

"எனக்குப் போதாது!"

அனியெல்லோ வண்டியை எடுத்தான். இரண்டு சிவப்பு விளக்குகளைத் தாண்டினான். ஒரு பாதிரியார் ஸ்கூட்டரில் இருந்தபடியே திட்டினார். அவருக்கும் சேர்த்து ஹாரன் அடித்தான். எத்தோரே, "மெதுவாப் போப்பா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். வேகத்துக்குப் பயந்து சொல்வதாகத் தெரியவில்லை.

குன்றின் மேல் இருந்த கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தபோது ஒன்றேகால். அனியெல்லோ அவர் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே படியேறினான். சுவர் வரிசையில் ஒரு மாடம் மட்டும் இன்னும் இருட்டாகத் திறந்திருந்தது. அதன் கீழே வெட்டியான் ஒருவர் சாந்துச் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா, இன்னும் பூசல!" அனியெல்லோவுக்கு மூச்சு வாங்கியது. "பெரியவரே, அசுந்தாம்மாவோட புருஷனைக் கொண்டாந்துட்டேன். திட்டாதீங்க. கொஞ்சம் பயந்த சுபாவம்."

வெட்டியான் கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு எத்தோரேயை மேலும் கீழும் பார்த்தார். "புருஷனா? அவரு காலையிலேர்ந்து இங்கதானே இருக்காரு. ரெண்டு தடவை சாந்து காஞ்சு போச்சு, மூணாவது தடவை கலக்கறேன்."

எத்தோரேயின் கை அனியெல்லோவின் பிடியிலிருந்து நழுவியது. அவர் ஒரு படி பின்னால் இறங்கினார்.

சைப்ரஸ் மரத்தடி பெஞ்சிலிருந்து ஒல்லியான ஒரு மனிதர் எழுந்தார். வெள்ளைத் துணியில் சுற்றியதை இரு கைகளிலும் ஏந்தி மெல்ல நடந்து வந்தார். முகத்தில் கோபம் இல்லை, துக்கமும் இல்லை. எத்தோரே முன் நின்று, துணியின் முனையை விலக்கினார்.

"வாங்க எத்தோரே, உங்களுக்காகத்தான் மூடாம வெச்சிருக்கேன்."