பேச்சிராஜா கடைத் துப்பாக்கி

“பளபளன்னு ஆக்கிடணும் பாய். செம்பூர் கிளை திறப்பு விழாவுக்கு வர்றவன் முதல்ல நகையைப் பாக்கணும், அடுத்தாப்ல இந்த ரைஃபிளைத்தான் பாக்கணும்” என்றார் பேச்சிராஜா.

பேச்சிராஜாவுக்குத் தாராவியில் நகைக்கடை. ரைஃபிள் அவருடையது இல்லை. கடை வாட்ச்மேன் மிக்கேல்ராஜுடையது. ரிட்டயர்டு மிலிட்டரிக்காரர், லைசன்சும் அவர் பெயரில்தான். ஆனால் பாலிஷ் செலவு தன்னுடையது என்பதால், தானே போருக்குப் போய்க் கொண்டுவந்ததுபோல் பேசிக்கொண்டிருந்தார் பேச்சிராஜா.

துப்பாக்கிப் பட்டறைக்குக் கூட வந்திருந்த தம்பி கணேசபாண்டியன், கடையில் பாதிப் பங்காளி, டீ குடித்துக்கொண்டிருந்தான். மிக்கேல்ராஜ் ஓரமாக நின்றார்.

துப்பாக்கி ரிப்பேர் செய்யும் தாஹிர் பாய், மண்ணெண்ணெய்த் துணியால் குழலின் அடிப்பக்க இரும்பைத் துடைத்தார். அழுக்குக்குள்ளிருந்து ஒரு கிரீட முத்திரை எட்டிப் பார்த்தது. கீழே 1917.

“அண்ணாச்சி, இது வெள்ளைக்காரன் பட்டாளத்து ரைஃபிள். முதல் உலகப்போர் காலத்துச் சரக்கு. அப்புறமா குழலுக்குள்ள குண்டைச் சுழல வைக்கிற வரியெல்லாம் வழிச்சு எடுத்துட்டு, காவல்காரங்களுக்குன்னு மாத்தியிருக்காங்க.”

“உலகப்போரா?” பேச்சிராஜா நாற்காலியிலேயே கொஞ்சம் உயர்ந்தார். “எலே கணேசா, வாசல்ல ஒரு போர்டு வச்சிருவோம். உலகப்போர் பார்த்த துப்பாக்கியின் காவலில் உங்கள் நகைகள்.”

“ஜெயிச்ச பக்கமா, தோத்த பக்கமான்னு கஸ்டமர் கேப்பான்ணே.”

“வாயை மூடுலே. பாய், மரத்துக்கு நல்லா வார்னிஷ் அடிச்சிருங்க.”

“வார்னிஷ் அடிச்சா பழசோட மதிப்பே போயிரும், அண்ணாச்சி. ஆளிவிதை எண்ணெயைத் தேச்சுத் தேச்சு ஊற விடணும்.”

“எண்ணெய்க் குளியலா? நடக்கட்டும்.”

தாஹிர் பாய் பின்பக்கத்து போல்ட்டை உருவிப் பிரித்தார். உள்ளே பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு தடவை பார்த்தார். மிக்கேல்ராஜ் சுவரில் தொங்கிய காலண்டரை ரொம்ப அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தார்.

“அண்ணாச்சி, இது சுடாது.”

“ஏன்?”

“விசையை இழுத்தா உள்ளேருந்து ஒரு ஊசி பாய்ஞ்சு வந்து தோட்டாவைக் குத்தணும். அந்த ஊசி முனையை யாரோ அரம் போட்டு அராவி விட்டிருக்காங்க. டக்குன்னு சத்தம் வரும். குண்டு வராது.”

“யாருவே அராவினது?”

“நான்தான், முதலாளி” என்றார் மிக்கேல்ராஜ்.

கோபம் வந்தால் பேச்சிராஜாவுக்குக் கண்மண் தெரியாது. ஆனால் கோபம் வந்தது தாராவி முழுக்கத் தெரியும்.

“அட படுபாவி மனுஷா, இத்தனை வருஷமா ஒரு உலக்கையையா வே தோள்ல மாட்டிக்கிட்டு நின்னீரு? இதுக்கு ஒரு யூனிஃபார்ம், ஒரு சலாம், தீபாவளிக்கு போனஸ் வேற. உம்மை நம்பித்தானே நான் மத்தியானம் கல்லாவுலயே கண்ணசந்தேன்.”

“நானும் கொஞ்சம் அசந்திருக்கேன், முதலாளி.”

“திருடன் வந்திருந்தா என்னவே செஞ்சிருப்பீரு?”

“வந்தான். தூக்கிக் காட்டினேன். ஓடிட்டான்.”

தம்பி சிரித்துவிட்டான். அண்ணன் முறைத்ததும் டீக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

“பாய், இன்னைக்கே புது ஊசி மாட்டுங்க. காசைப் பத்திக் கவலையில்லை.”

“ஊசி மாட்டினா நான் வேலைக்கு வரலை, முதலாளி” என்றார் மிக்கேல்ராஜ்.

பேச்சிராஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. டோம்பிவிலியிலிருந்து லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு வருகிற மனுஷன். இந்த வயசில் வேறு எவன் வேலை கொடுப்பான்? குத்தமும் செய்துவிட்டு ரோஷம் வேறயா?

“வராட்டிப் போம். இன்னையோட உம்ம சோலி முடிஞ்சுது. ஆனா எதுக்கு அராவினீருன்னு சொல்லிட்டுப் போம்.”

மிக்கேல்ராஜ் தயங்கினார். கணேசபாண்டியனைப் பார்த்தார்.

“நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல, கடையைப் பாகம் பிரிக்கச் சொல்லி அண்ணனும் தம்பியும் சண்டை போட்டுக்கிட்டீங்க. நீங்க தராசைத் தூக்கித் தம்பி மேல எறிஞ்சீங்க. அதைப் பாத்ததும் அராவிட்டேன்.”

“அண்ணன் தம்பின்னா ஆயிரம் இருக்கும். அதுக்கு?”

கணேசபாண்டியன் டீ கிளாசைக் கீழே வைத்தான். அவன் முகத்தில் சிரிப்பில்லை.

“அண்ணே, அதுக்கு அடுத்த மாசம்தானே இவர் கையிலேருந்து ரைஃபிளைப் பிடுங்கி, என் நெஞ்சுக்கு நேரா வச்சு இழுத்தே? டக்குன்னு சத்தம் கேட்டுச்சே.”

“அது... சும்மா உன்னை மிரட்டத்தாம்லே. குண்டு இல்லைன்னு தெரிஞ்சுதான் இழுத்தேன். அன்னைக்கே சொன்னேன்லா? அம்மாகிட்ட, சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் சொன்னேனே.”

மிக்கேல்ராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

“குண்டு இருந்துச்சு, முதலாளி. தினம் காலையில நான் குண்டு போடுறதை நீங்கதானே பக்கத்துல நின்னு பாப்பீங்க.”

பேச்சிராஜாவால் தம்பியைப் பார்க்க முடியவில்லை. மிக்கேல்ராஜை அதைவிடப் பார்க்க முடியவில்லை. கடைசியில் தாஹிர் பாயின் பக்கம் திரும்பினார்.

“ஊசி வேண்டாம், பாய். இவரை மட்டும் நாளைக்கு நேரத்துக்கு வேலைக்கு வரச் சொல்லுங்க.”