டிரில் மாஸ்டரின் விசில்

டாக்டரம்மாவுக்கே தலை சுற்றியது.

எதிரே, பள்ளியில் அவளுக்கு டிரில் மாஸ்டராக இருந்தவர். பக்கத்தில் அவர் மனைவி. நோயாளி அந்த அம்மாள்தான். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, ஊதினால் பறக்கிற உடம்பு. இதய ரத்தக்குழாயில் மட்டும் அடைப்பு!

"குழாய்ல அடைப்புன்னா குத்தி எடுத்துட வேண்டியதுதானேம்மா?" என்றார் மாஸ்டர்.

"அது வெறும் குழாய் இல்ல சார். உள்சுவர் முழுக்க உயிருள்ள செல்லுங்க. மைதானத்துல எங்களை இடைவெளியில்லாம கைகோத்து நிக்க வைப்பீங்களே, அந்த மாதிரி. எது வந்தாலும் வழுக்கி விட்டுடும். அடிபட்டா குணமே மாறிடும். கைப்பிடி தளரும், வர்றதையெல்லாம் ஒட்ட வச்சுக்கும். கொழுப்பு உள்ளே புகுந்து குடித்தனம் பண்ண ஆரம்பிச்சுடும்."

"எதனால அடிபடும்?"

"சர்க்கரை, பிரஷர்... அப்புறம் புகை, பக்கத்துல இருக்கறவங்க விட்டதா இருந்தாலும் சரி. அதுக்கு உங்க வீட்ல ஏது வழி? சிகரெட் பிடிச்சவனை மயங்கி விழற வரைக்கும் ஓட விட்டவராச்சே! உங்களுக்குப் பயந்து எங்க வகுப்புல ஒருத்தரும் தொட்டதில்ல. அதான் ஒண்ணும் புரியல. எல்லா டெஸ்ட்டையும் மறுபடி எடுத்துடலாம்."

மாஸ்டர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டெஸ்ட்டெல்லாம் எதுக்கும்மா?" என்றாள் அந்த அம்மாள். "நான்தான் சிகரெட் பிடிக்கிறேன்."

"நீங்களா? ஒரு நாளைக்கு எத்தனை?"

அந்த அம்மாள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவருக்கு இருமல் வந்துவிட்டது.

"ஒரு பாக்கெட்... இருக்கும்" என்றாள் அந்த அம்மாள்.

வந்ததே கோபம் டாக்டரம்மாவுக்கு!

"இவருக்கு வாழ்க்கைப்பட்டுட்டு இப்படியா? சார் மூஞ்சியைப் பாருங்க, அவமானத்துல எப்படிச் சுருங்கிப்போச்சுன்னு! நிறுத்தலேன்னா அடுத்தது ஹார்ட் அட்டாக்தான். விளையாட்டுன்னு நினைச்சீங்களா?"

மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு, சொன்னதற்கெல்லாம் அந்த அம்மாள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டினாள்.

கிளம்பும்போது மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து பழைய விசிலை எடுத்து நீட்டினார். "நீயே வச்சுக்கம்மா. ஊத இப்பல்லாம் எனக்கு மூச்சு பத்தல."

பாவம், நல்ல மனுஷர் என்று உருகிப்போன டாக்டரம்மா, அவர்கள் வெளியே போனதும் ஆசையாசையாய் விசிலை உதட்டில் வைத்தாள்.

குப்பென்று சிகரெட் நெடி.

ஒரு கணம் திருதிருவென்று விழித்தாள். பிறகு எழுந்து வாசலுக்கு ஓடினாள். படியில் இருவரும் திரும்பினார்கள்.

"அம்மா, மாத்திரை மட்டும்தான் உங்களுக்கு. நான் திட்டின திட்டெல்லாம் சாருக்கு. மூணு வேளையும் தவறாம கொடுங்க!"